பூவாத்தா சினையாக இருந்த காலம்

ஆலாங்கரைப் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே போகிறது என்று மைக்கில் சொல்லும் வேலை சென்னியப்பனுடையது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அவர். ஆனாலும் வண்டி வளைவில் திரும்பும்போதே இன்ஜின் உறுமலையும் கதவு ஆடும் ஆட்டத்தையும் கேட்டு, இது தாராபுரம், இது கோபி, இது எப்போதோ வந்திருக்க வேண்டிய ஈரோடு இப்போதுதான் வருகிறது என்று சொல்லிவிடுவார். ஊர்க்காரர்களும் வண்டியின் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் குரலை நம்பித்தான் ஏறினார்கள். புரட்டாசி பிறந்து சில நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் மைக்கைப் பிடித்து "தாராபுரம் போறவங்க" என்று தொடங்கியபோது தாராபுரம் என்ற சொல் வந்தது, போறவங்க என்பது வரவில்லை. தொண்டை அதிர்ந்தது, உதடு அசைந்தது, மைக்கின் கம்பி விரலில் குளிர்ந்தது, சத்தம் மட்டும் இல்லை. காது போய்விட்டது என்று முதலில் நினைத்தார். பிறகு, தான் செத்துவிட்டதாக நினைத்து, செத்தவன் எழுந்து நடப்பது முறையில்லை என்பதுபோல அந்த நாற்காலியிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தார். நிலையத்து வாசலில் இட்லிக்கடை போட்டிருந்த அவர் மனைவி சாந்தாமணி ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தபோதுதான் உயிரோடு இருப்பது தெரிந்தது.

சத்தம் போனது அவருக்கு மட்டுமல்ல. ஊரின் மேற்குப் பாதி முழுக்கப் போயிருந்தது, அது வந்த வழியும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, உயிரியல் பூங்காவிலிருந்து வந்தது.

ஊருக்கு மேற்கே கல்லெடுத்து ஓய்ந்த பாறைக்குழிகளை மண் கொட்டி மூடி, கண்ணுக்கெட்டிய தூரம் புல் வளர்த்து, நடுநடுவே குடை விரித்த மாதிரி முள் உடைமரங்களை விட்டு, அதற்கு ஆப்பிரிக்கப் புல்வெளி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் நெருப்புக்கோழிகளும் அங்கே ஒரே வெயிலில் மேய்ந்தன. அவற்றோடு ஒரு வெள்ளைக் காண்டாமிருகமும் இருந்தது. கடல் தாண்டி ஏதோ ஒரு பூங்காவிலிருந்து வாயில் நுழையாத பெயரோடு வந்த அதற்கு, டிக்கெட் கிழிக்கும் பெண் பூவாத்தா என்று தன் மாமியாரின் பெயரை வைத்தாள். நடையும் முறைப்பும் ஒத்துப்போவதாக அவள் சொன்னாள், மாமியாரும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். பூவாத்தா இரண்டு முறை சினையாகி, இரண்டு முறையும் கடைசி மாதங்களில் கருவை இழந்திருந்தது. மூன்றாம் முறை அந்தக் கடைசி மாதங்கள் தொடங்கிய அன்று, அது படுத்திருந்த உடைமரத்தடியில் சத்தம் நின்றது. மறுநாள் புல்வெளி முழுக்க நின்றது. வரிக்குதிரைகள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டது ஊமைப்படம்போல இருந்தது. பிறகு அது தரையில் கசியும் தண்ணீர்போல வேலி தாண்டி, காலனி தாண்டி, தறிக்குடோன்கள் தாண்டி, பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

ஊர் இரண்டு நாள் திகைத்தது, பிறகு பழகிக்கொள்ளத் தொடங்கியது. குக்கர் விசில் கேட்காமல் வீட்டுக்கு வீடு சோறு குழைந்தது, பெண்கள் குக்கரைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டுப் பானைக்குத் திரும்பினார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் காலுக்கும் தாயின் சுண்டுவிரலுக்கும் நூல் கட்டினார்கள், பிள்ளை உதைத்தால் விரல் இழுபடும், அதுதான் அழுகை. பள்ளிவாசலில் பாங்கு நேரத்துக்குப் பச்சை விளக்கு எரிந்தது. மாதா கோயிலில் மணி ஆடுவதை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்கள். தறி ஓட்டுபவர்கள் ஊடைநூலோடு ஓடும் நாடா சிக்கியதை அறியத் தறிக்கட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்கள். அந்த ஐப்பசியில் தீபாவளிக்குக் கொளுத்திய சரவெடி சிவப்புத்தாளாய்ச் சிதறிப் புகைந்ததே தவிர வெடிச்சத்தம் வரவில்லை, பிள்ளைகள் ஏமாந்து பாதிக் கட்டோடு வீட்டுக்குப் போனார்கள்.

பேச வேண்டியவர்கள் பாலத்துக்குப் போனார்கள். ஊருக்குக் கிழக்கே வாய்க்கால்மேல் இருந்த அந்தப் பாலம் வரைக்கும் அமைதி வந்திருக்கவில்லை. அதனால் போன் பேச, பெண் கேட்க, வட்டி கேட்க, மாமியாரைத் திட்ட, குழந்தைக்குப் பெயர் சொல்லிக் காதில் ஊத எல்லோரும் அங்கே போனார்கள். வீட்டில் வந்த கோபத்தை அப்படியே பொத்திக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஸ்கூட்டரில் ஏறி, பாலம் வந்ததும் இறங்கிச் சண்டை போட்டுவிட்டு, மறுபடி ஒரே ஸ்கூட்டரில் ஊருக்குள் போனார்கள். மேளக்காரர்கள் பாலத்தில் கெட்டிமேளம் கொட்ட, தாலி அங்கேயே ஏறியது. பாலத்தின் இரண்டு பக்கமும் டீக்கடை வந்தது.

சாந்தாமணி தினமும் சென்னியப்பனைக் கைப்பிடித்துப் பாலத்துக்குக் கூட்டிவந்தாள். மற்ற நேரமெல்லாம் அவர் கட்டிலில் கிடந்தார், வீட்டின் சுவர் எங்கே, வாசல் எங்கே என்று காது சொல்லிக்கொண்டிருந்தது நின்றுபோனதில், பிறந்து வளர்ந்த வீட்டிலேயே கதவில் மோதி நெற்றி உடைந்திருந்தது. உள்ளங்கையில் தட்டி ஒரு பேச்சை இருவரும் உண்டாக்கிக்கொண்டார்கள், ஒரு தட்டு என்றால் வா, அழுத்தினால் நில், தேய்த்தால் சாப்பிடு. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்ததும்தான் அவர் முகம் விரியும். "அதா, கோபி வண்டி கியர் மாத்தறான்," என்பார். தங்கை வீட்டுக்குப் பல்லடம் போய்விடலாம் என்று அவள் கேட்டபோது, "அந்த வீட்ல எத்தனை படின்னுகூட எனக்குத் தெரியாது சாந்தா," என்று மறுத்தார்.

பூவாத்தாவின் வயிறு பெருக்கப் பெருக்க அமைதியும் பெருகியது. கார்த்திகை தொடங்கியபோது அது ரயில்வே கேட்டைத் தொட்டது. ஒரு மத்தியான நேரத்தில் ரயில் வந்தது யாருக்கும் கேட்கவில்லை, தண்டவாளம் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டு மந்தையில் பாதியை அது அடித்துப்போட்டது, மேய்த்தவர் ஒரு முழம் தள்ளி நின்றதால் பிழைத்தார். செத்த ஆடுகளைப் பார்த்து ஊர் பயந்தது. இன்று ஆடு, நாளைக்குப் பள்ளிக்கூட வேன் என்று எல்லோருக்கும் ஒரே நினைப்பு. நகராட்சித் தலைவர் குழந்தைவேலு பாலத்தில் கூட்டம் போட்டார்.

பூங்காவின் மருத்துவர் செலின் வந்திருந்தாள். நாகர்கோவில்காரி, இரண்டு முறையும் பூவாத்தாவின் செத்த கன்றைத் தன் கையால் புதைத்தவள். சாந்தாமணிதான் முதலில் எழுந்தாள்.

"நான் ஒண்ணும் அந்த ஜீவனைக் கொல்லச் சொல்லலீங்க டாக்டரம்மா. வேற ஊருக்குக் கொண்டு போங்கன்னுதான் சொல்றேன். இவங்களுக்கெல்லாம் சத்தம் போச்சு, அவ்வளவுதானுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஊரே போச்சு."

"அக்கா, இப்ப லாரியில ஏத்தினா குட்டி தங்காது," என்றாள் செலின். "ஏற்கெனவே ரெண்டு போயிருக்கு. ஒண்ணு தீபாவளி வெடியில, இன்னொண்ணு பக்கத்துப் பாறைக்கு வச்ச வெடியில. இன்னும் ஒரு மாசம்கூட இருக்காது. பொறுத்துக்குங்க."

"ஒரு குட்டிக்காக ஊரையே ஊமையா வச்சிருக்கச் சொல்றீங்களா?" என்றார் குழந்தைவேலு.

"தலைவரே, அவ இனம் அங்க காட்டுல கொம்புக்காகச் சாகுது. காவலுக்கு ஆளு துப்பாக்கியோட நின்னும் சாகுது. ஒருநாள் அந்தக் காடு பத்திரமாகி, திருப்பி விடலாம்னு ஒரு நேரம் வரும்போது, விடறதுக்கு உசிரோட ஏதாவது இருக்கணும் இல்லையா. அதுக்குத்தான் அந்தப் புல்வெளியை வச்சிருக்கோம். ஒட்டகச்சிவிங்கி முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறதுக்கு மட்டும் இல்ல."

குழந்தைவேலு பதில் சொல்ல வாயெடுத்தார். பாதி வாக்கியத்தில் அவர் குரல் அறுந்தது. பாலத்தின் மேற்கு முனையை அமைதி தொட்டுவிட்டது என்று புரிய யாருக்கும் நேரம் ஆகவில்லை, கூட்டம் முழுவதும் எழுந்து நாலைந்து அடி கிழக்கே நகர்ந்து மறுபடி நின்றது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார், கொஞ்ச நேரத்தில் மறுபடி அறுந்தது, மறுபடி நகர்ந்தார்கள். இப்படிப் பேச்சும் பின்வாங்கலுமாகப் பாலத்தின் நடுவுக்கு வந்தபோது, தாங்கள் நிற்கும் இடம் நாளை இருக்காது என்பது எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

அப்போது சென்னியப்பன் கேட்டார். "டாக்டரம்மா, அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியுங்களா?"

"கொஞ்சம்தாண்ணா. தூரத்துல இருக்கறதெல்லாம் மங்கல்தான். காதும் மூக்கும்தான் அவளுக்கு."

"அப்படீன்னா இத்தனை வருஷமா நம்ம ஊருச் சத்தம் பூரா அதுக்குக் கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும்."

"நான் மைக்குல கத்தினதும்."

"அதுவும்தான்."

 தலைவர் கை தூக்கச் சொன்னபோது ஊர் தூக்கியது, பூவாத்தாவை அனுப்பிவிடுவது என்று முடிவானது. சாந்தாமணி இரண்டு கையையும் தூக்கினாள். சென்னியப்பனின் கைகள் மடியில் இருந்தன. மேலிடத்தின் அனுமதியும் மறுநாளே வந்தது. வேறு யாராவது மயக்க ஊசி போட்டால் அளவு தப்பித் தாயும் போய்விடும் என்பதால் துப்பாக்கியைத் தானே பிடிப்பதாக ஒப்புக்கொண்ட செலின், போவதற்கு முன் ஒன்றை மட்டும் எல்லோரிடமும் சொன்னாள். "ஊசி பட்ட உடனே விழமாட்டா. கொஞ்ச நேரம் கண்ணுமண்ணு தெரியாம ஓடுவா. எதிர்ல எது இருந்தாலும் மிதிச்சுட்டுத்தான் போவா. உள்ள ஒருத்தரும் வரக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை கிரேனும் இரும்புக்கூண்டு ஏற்றிய லாரியும் பூங்காவின் பின்வாசலுக்கு வந்தன. மற்ற விலங்குகளை முந்தின நாளே கொட்டகையில் அடைத்திருந்தார்கள். ஊரே வேலியோரம் கூடியிருந்தது. சத்தமில்லாத அந்த ஊரில் கணவனைத் தனியே விட்டுவர மனமில்லாமல் சாந்தாமணி அவரையும் கூட்டிவந்திருந்தாள். லாரி நுழைவதற்காகப் பெரிய கேட்டைத் திறந்தார்கள், லாரி பின்னோக்கி ஊர்ந்து வந்தது, வண்டி வருவது கேட்காதவர்கள் கடைசி நொடியில் பார்த்துத் துள்ளி விலகினார்கள், விலகியவர்கள் அடுத்தவர்மேல் விழுந்தார்கள், கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபக்கமாக அலைந்தது, அந்த அலைச்சலில் சாந்தாமணியின் கையிலிருந்து அவர் கை நழுவியது. அவள் திரும்பித் தேடினாள். பக்கத்தில் இருந்தவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள், அவர்களுக்கு அவள் வாயசைப்பது மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் ஒருவர் கை நீட்டிக் காட்டினார்.

சென்னியப்பன் புல்வெளியின் உள்ளே, வேலியிலிருந்து வெகுதூரம் போயிருந்தார். கைகளை முன்னால் நீட்டி, வெறுங்காலால் தரையைத் தடவித் தடவி, கூட்டத்திலிருந்து வெளியே போகிறோம் என்ற நினைப்பில் இன்னும் இன்னும் உள்ளேதான் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு நேர் எதிரே, உடைமர நிழலில், பூவாத்தா நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னங்கால்கள் அகன்றிருந்தன. வால் தூக்கியிருந்தது. செலினுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது, வலி தொடங்கிவிட்டது, நாள் இருக்கிறது என்று தான் போட்ட கணக்கு தப்பிவிட்டது.

ஊர் முழுக்க வாயைத் திறந்தது. நில்லுங்க, திரும்புங்க, சென்னியண்ணா என்று நூறு வாய்கள் கத்தின, ஒரு வாயிலிருந்தும் ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. இத்தனை வருடம் அந்த ஊரை வண்டி ஏற்றி அனுப்பிய மனிதருக்கு, போகிற திசை தப்பு என்று சொல்ல ஊரிடம் ஒரு சொல் இல்லை.

செலின் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தாள். ஊசி போட்டால் கன்று போய்விடும், போடாவிட்டால் மனிதர் போய்விடுவார்.  விரல் விசையில் இருந்தது. அவள் பக்கத்தில் வந்து நின்ற சாந்தாமணியின் பக்கம் ஒருமுறை பார்த்தாள், அந்தப் பார்வையில் கேள்விதான் இருந்தது. பூவாத்தா போக வேண்டும் என்று இரண்டு கையையும் தூக்கிய சாந்தாமணி, துப்பாக்கியின் குழலைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். ஊசி பட்டால் ஓடும், ஓடினால் மிதிக்கும், ஓடும் வழியில் அவர் நிற்கிறார். அவளுக்கு வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றி கேட்டோரம் போட்டுவிட்டு அவள் உள்ளே நடந்தாள்.

செலின் கிரேன் ஓட்டுநரைப் பார்த்துக் கையை வெட்டிக் காட்டினாள், அவர் இன்ஜினை அணைத்தார், தரையின் நடுக்கம் நின்றது. பிறகு அவளே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள், அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள், குழந்தைவேலு வெள்ளை வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தார், கைக்குழந்தைக்காரிகள் உட்கார்ந்தார்கள், வேலிநெடுக ஊர் முழுவதும் தழைந்து, அசைகிற பொருள் ஒன்றுமில்லாமல் ஆனது. அந்த வெட்டவெளியில் நின்றது மூன்று உயிர்தான்.

சாந்தாமணி வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. பூவாத்தாவின் காதுகள் இரண்டு புனல்கள்போல இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டிருந்தன, அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை என்பதை அவள் பார்த்தாள். காற்று அவள் முதுகிலிருந்து வீசியது. தன் புடவையில் இருந்த இட்லிமாவின் புளிப்பும் புகையும் தனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. சென்னியப்பன் நின்றார். மூக்கை உயர்த்தினார். அதே நேரத்தில் பூவாத்தாவும் தலையை உயர்த்தியது. அவர் திரும்பி மனைவி இருக்கும் பக்கம் கை நீட்டினார், அது கொம்பைத் தாழ்த்தி அவர்கள் பக்கம் நான்கு எட்டு வைத்தது.

அவள் அவர் கையைப் பிடித்துவிட்டாள். உள்ளங்கையில் தட்டினாள். வா. அவர் நகரவில்லை. அவள் மறுபடி தட்டினாள், வா, வா. அவர் அவள் கையைத் திருப்பி, கட்டை விரலால் அழுத்தினார். நில். அழுத்தியபடியே வைத்திருந்தார். அவருடைய வெறுங்காலுக்கு அந்த எடை தெரிந்திருந்தது. மண்ணுக்குள் ஏதோ ஒன்று நடந்து வருவதும், நிற்பதும், மறுபடி வருவதும் குதிகாலில் ஏறியது. ஓடினால் அதற்கும் தெரியும் என்று அவருக்குப் புரிந்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார், அவளையும் இழுத்து உட்காரவைத்தார்.

பூவாத்தா வந்தது. அதன் மூச்சு அவர்கள் முகத்தில் சூடாக, புல் வாசனையோடு அடித்தது. அகன்ற உதடு சாந்தாமணியின் தலைமுடியைத் தொட்டு, சென்னியப்பனின் தோளைத் தொட்டு, அங்கேயே நின்றது. சாந்தாமணி கண்ணை மூடவில்லை. அத்தனை பெரிய முகத்தில் அத்தனை சின்னக் கண்ணைப் பார்த்தாள், அது தன்னைப் பார்க்கவில்லை, தன் பக்கமாக எதையோ தேடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. எவ்வளவு நேரம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. பூவாத்தாவின் விலாவில் ஒரு அலை ஓடியது, அது முகத்தை விலக்கியது, திரும்பியது, அவர்களுக்கு முதுகைக் காட்டி, அவர்களை இரண்டு கற்கள் என்று எண்ணிக்கொண்டதைப்போல, அங்கேயே ஈன்றது. வெளுத்த பையோடு கன்று புல்லில் வழுக்கி விழுந்தது. தாய் திரும்பிப் பையை மோந்து, தள்ளி, கிழித்தது. கன்று அசையவில்லை. வேலியில் செலின் தன் முழங்கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். தாய் மூக்கால் தள்ளியது, மறுபடி தள்ளியது, கன்றின் முன்னங்கால் உதறியது, வாய் திறந்தது.

கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வந்த உயிருக்கு அவ்வளவு சின்னக் குரல். அது புல்வெளியைக் கடந்து வேலியைத் தொட்டபோது வேலியில் இருந்தவர்களின் மூச்சு கேட்டது, கேட்டைத் தாண்டியபோது லாரியின் தார்ப்பாய் படபடத்தது, பிறகு காலனியில் நாய்கள், தறிக்குடோன்களில் தறிகள், கோயிலில் யாரோ அணைக்காமல் விட்டுவந்த மின்மேளம், ரயில்வே கேட்டின் மணி, தொட்டிலுக்குத் தொட்டில் பிள்ளைகள் என்று ஊர் ஒவ்வொன்றாய்த் திரும்ப வந்தது. பூவாத்தாவின் காதுகள் ஒவ்வொரு சத்தத்தின் பக்கமும் திரும்பின, ஆனால் அது மிரளவில்லை, கன்றின்மேல் நிழல் விழும்படி நின்றுகொண்டது. காலிக்கூண்டோடு லாரி அன்றைக்கே திரும்பிப் போனது. அந்தப் பெண் கன்று வளர்ந்து, காவல் பலத்த ஒரு நிஜப் புல்வெளிக்கு விமானம் ஏறிப் போனதும், அதை அனுப்ப ஊரே திரண்டு வந்து பாதிப்பேர் வாய்பேசாமல் நின்றதும் பல வருடம் கழித்து நடந்தது.

ஆனால் அந்த நிமிடத்தில் புல்லில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்குக் கன்றின் குரலுக்கு அடுத்தபடியாகக் கேட்டது வேறொன்று. மிகப் பக்கத்தில், தோளுக்குப் பக்கத்தில், ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். மூச்சை இழுத்து இழுத்து, அடக்காமல், ஒப்பாரி வைக்கிறவள்போல வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தம் திரும்பிவிட்டது என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை.

"சாந்தா," என்றார்.

அவள் சட்டென்று வாயைப் பொத்தினாள்.

"எப்ப இருந்து அழுவற?"

பொத்திய விரல்களுக்கிடையிலிருந்துதான் பதில் வந்தது. 

"சத்தம் போன அன்னைக்கிருந்துங்க," என்றாள். "தினமும்தான். உங்க கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துதான் அழுவேன். கை எட்டாத தூரத்துல."

சென்னியப்பன் அவள் வாயைப் பொத்தியிருந்த கையைத் தேடிப் பிடித்து, மெல்ல விலக்கினார்.

"அழுவு," என்றார். "கேட்டுக்கறேன்."